நாப்பத்தொரு ரியூப்

"ரீச்சர், இதுக்குள்ள எது திறம்?"

கேட்டு முடிக்க முதலே குகனேசன் பெட்டியைத் திறந்திட்டார்.

ரீச்சர் எண்டது பவளராணி. அவ ஓடுறது ஸ்கூல் பஸ். ஆனால் ரொறன்ரோவுக்கு வடக்காலை இருக்கிற இந்த ஏரியில பத்தொன்பது மஸ்கி பிடிச்சவ. மஸ்கியெண்டால் பெரிய பல்லுக்கார மீன். ஒரு சின்னப் பிள்ளையின்ர உயரம் வரும். லேசில வாயைத் திறக்காது.

குகனேசன் மூண்டு வருசமா அவவிட்டைப் பழகிறார். வயசில அவர் மூப்பு, மஸ்கியில அவ மூப்பு. அவர் பிடிச்சது பூச்சியம்.

பெட்டிக்குள்ள நாப்பத்தொரு ரியூப். மீனை ஏமாத்த தூண்டிலில கட்டிற பொய் இரை. ஒவ்வொண்டும் ஒரு சாண் நீளம். மெத்தெண்ட பிளாஸ்ரிக் குழாய், வாலில கணவாய்க்கு இருக்கிற மாதிரித் தும்பு.

"நீங்களே சொல்லுங்கோ பாப்பம்," எண்டா ரீச்சர்.

"இந்தக் கறுப்பு சுத்திச் சுத்தித் தாழும். இந்தச் செம்மஞ்சள் ஒரு பக்கமாய்ச் சறுக்கும். இதுக்குத் தடிச்ச தோல், ஏழு கடி தாங்கும்."

"ஆர் கடிச்சது?"

"ஒருத்தரும் கடிக்கேல்லை. வாங்கின பெட்டியில அப்பிடி எழுதியிருக்கு."

ரீச்சர் வள்ளத்தை எடுத்தா.

குகனேசன் இருவத்தேழு வருசம் பாண் பக்டரியில பாணுக்குத் தரம் பாத்த ஆள். பென்சன் எடுத்தாப் பிறகு பாண் நிண்டிட்டுது. பாக்கிறது நிக்கேல்லை.

அண்டைக்கு அந்த வருசத்து மஸ்கிக் காலத்தின்ர கடைசி ஞாயிறு. வெளிக்கிடேக்கை மனுசி தவமலர் வாசல்ல வந்து நிண்டவ.

"பிடிச்சாலும் தண்ணியில விடப்போறியள். பிடிக்கவும் இல்லை. அப்ப என்னத்துக்குப் போறியள்?"

குகனேசன் குனிஞ்சு சப்பாத்தைக் கட்டினார்.

"இண்டைக்கும் இல்லையெண்டால், வாற வருசம் ஞாயிறு முழுக்க என்ர தம்பியின்ர பட்டிமன்ற ஒத்திகைக்கு வந்து இருக்கிறியள். முன் வரிசையில."

தம்பி பேசத் தொடங்கினால் நாலு மணித்தியாலம்.

அதாலை குகனேசன் அண்டைக்குக் கவனமாய் வேலை செய்தார். மூக்கில வாசிக்கிற கண்ணாடி. மடியில கொப்பி. எறிவார். சுத்துவார். ரியூப் வள்ளத்துக்குக் கிட்ட வந்த உடனை வெடுக்கெண்டு தூக்கி மூக்குக்கு நேரை பிடிப்பார். தும்பு பிஞ்சிட்டுதோ, வால் வளைஞ்சிட்டுதோ எண்டு பாத்துக் கொப்பியில எழுதுவார். பிறகு அடுத்த ரியூப்.

"எட்டுப் போடேல்லை," எண்டா ரீச்சர்.

மஸ்கிக்காரர் இரையை உடனை தூக்க மாட்டினம். தூண்டில் கம்பு நுனியைத் தண்ணிக்குள்ள விட்டு, வள்ளத்துக்குப் பக்கத்திலயே எட்டு எழுதிற மாதிரி இழுப்பினம். மூண்டு வருசமா ரீச்சர் சொல்லிறது இது ஒண்டுதான்.

"கொப்பியில எழுதவே நேரம் காணாது, ரீச்சர். தண்ணியில வேறயோ?"

ரீச்சர் தேத்தண்ணி குடிச்சா.

பின்னேரம் மூண்டு மணி. நாப்பது ரியூப் முடிஞ்சுது. ஏரியும் அப்பிடியே கிடக்குது. குகனேசனுக்குக் கை விறைச்சுப் போச்சு. காதுக்குள்ள மச்சான் பேசத் தொடங்கிட்டான்.

"ரீச்சர், மூண்டு வருசமாக் கேக்கிறன். எது திறம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் குறைஞ்சோ போவியள்?"

பவளராணி எழும்பி வந்தா. அவற்ற மூக்கில இருந்த கண்ணாடியைக் கழட்டினா. தன்ர ஜக்கெற் பொக்கற்றுக்குள்ள வைச்சுச் சிப்பை இழுத்துப் பூட்டினா.

"இது என்ன வேலை?"

"எறியுங்கோ."

"என்ன நிறம் கட்டியிருக்கிறனெண்டே தெரியேல்லை."

"தெரிஞ்சு என்ன, நீங்களே தின்னப் போறியள்?"

குகனேசன் கோவத்தில எறிஞ்சார். ரியூப் வந்தது. தூக்கி மூக்கடியில பிடிச்சார். மங்கலாய் ஏதோ ஒண்டு. பாண் துண்டு எண்டாலும் நம்பலாம். கொப்பியைத் திறந்தார். அதுவும் மங்கல்.

திருப்பி எறிஞ்சார். இந்த முறை தூக்கிறதுக்கு ஒரு காரணமும் இல்லை. கையும் சும்மாதானே கிடக்குது எண்டு, வகுப்பில தண்டனைக்கு எழுதிற பெடியன் மாதிரி, முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு ஒரு எட்டுப் போட்டார்.

கிட்டப் பாக்க ஒண்டும் இல்லாத கண், தூரத்துக்குப் போச்சு.

தண்ணி தெளிவாய் இருந்தது. கீழ மஞ்சள் பாசி. பாசிக்கு நடுவில கல்லு. கல்லுக்கு மேல வெயில். ஒரு நாளும் இதுகள் இஞ்சை இருந்ததாய் அவருக்கு நினைவில்லை. கண்ணாடியோட இதெல்லாம் ஒரே கஞ்சி.

மூண்டாம் முறை எறிஞ்சார். ரியூப் வந்துது. அதுக்குப் பின்னாலை ஒரு கட்டை வந்துது.

"ரீச்சர், ஒரு மரக்கட்டை மிதந்து..."

"கட்டைக்குக் கண் இருக்கோ?"

குகனேசன் குனிஞ்சு பாத்தார்.

"இருக்கு."

"அப்ப எட்டை எழுதுங்கோ!"

முதல் வளைவில மீன் ஒதுங்கிச்சுது. ரெண்டாம் வளைவில திரும்பிச்சுது. மூண்டாம் வளைவில ஒரு வெள்ளை வாய் திறந்துது, ரியூப்பைக் காணேல்லை.

பிறகு கொஞ்ச நேரம் ஆர் என்ன கத்தினது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. ரெண்டு பேரும் தலையில இருந்து கால்மட்டும் நனைஞ்சு போச்சினம். தேத்தண்ணிப் போத்தல் ஏரிக்குள்ள போச்சுது. வலைக்குள்ள நாப்பத்தாறு அங்குலம் கிடந்து உதறுது. குகனேசன் தன்ர கலியாண வீட்டில கூட அப்பிடிச் சிரிக்கேல்லை.

ரீச்சர் படம் எடுத்துத் தவமலருக்கு அனுப்பினா. மறுமொழி உடனை வந்துது.

"சிரிக்கிறது இவரோ?"

"ஓம்," எண்டு ரீச்சர் எழுதினா.

"சரி. இவர் ஒத்திகைக்கு வரமாட்டார் எண்டு தம்பிக்கு நான் சொல்லிறன்."

குகனேசன் வள்ளத்துக்கு வெளியில குனிஞ்சு, மஸ்கியின்ர வாலடியைப் பிடிச்சுத் தண்ணிக்குள்ள வைச்சிருந்தார். களைச்ச மீனுக்கு மூச்சு வருமட்டும் அப்பிடித்தான் பிடிக்கிறது. செவுள் திறந்து மூடுது. முதுகில கோடு கோடாய் வரி. அவர் கண் வெட்டாமல் பாத்தார்.

திடீரெண்டு அவற்ற சிரிப்பு நிண்டுது.

"ரீச்சர்... இந்த மூண்டு வருசத்தில எத்தினை இப்பிடிப் பின்னாலை வந்து, நான் ரியூப்பைத் தூக்கிப் பாத்துக்கொண்டு நிக்கத் திரும்பிப் போயிருக்கும்?"

"அண்ணை," எண்டா ரீச்சர், "அது எப்பவோ போகப் பாக்குது. நீங்கள்தான் வாலைப் பிடிச்சிருக்கிறியள்."