துபாஷி பிடித்த துடுப்பு

போர்த்துகீசு பேசத் தெரியாதவனைக் கோட்டைக்கு மொழிபெயர்க்கும் துபாஷியாக்கியது ஊர்த் தலைவரான நீர்தானே ஐயா? உம்மால்தான் தோணிக்காரன் கயித்தான் அன்று கடலோரக் கோட்டை வாசலில் குற்றவாளியாக நின்றான்.

முத்துத் திருடன் என்று துபாஷி பெத்ரு பிள்ளை பழி போட்டதால், கோட்டைத் தலைவரான போர்த்துகீசுக் கப்பித்தானின் முன்னால் கயித்தானின் தோணியைக் கொளுத்தத் தீப்பந்தம் தயாராக இருந்தது.

"புதுக் கப்பித்தானிடம் வழக்குச் சொல்லணுமா? அவர் பாஷையில் ரெமார் என்றால் துடுப்பு வலிக்கிறது. அதை நான், நீ, அவன், நாங்கள், அவர்கள் என்று ஐந்துக்கும் மாற்றிச் சொல்லடா. தப்பினால் வாயை மூடிக்கொண்டு போ" என்றார் பிள்ளை.

கயித்தான் பத்து வருஷம் போர்த்துகீசியர் கப்பலில் துடுப்பு வலித்தவன்தான். ஆனால் சரியாகச் சொன்னாலும் தப்பென்று சாதித்துவிடுவாரே இந்த மனுஷன்!

தோணியிலிருந்து துடுப்பை உருவிப் பிள்ளையின் கையில் திணித்தான்.

"சாமி, முன்னால இருக்கிறவர் அடி எடுத்துக் கொடுக்காம, பின்னால இருக்கிறவன் துடுப்பு வலிக்கிற அம்பாப் பாட்டுப் பாடுறது எங்க வழக்கமில்லை. நீங்க எடுத்துக் கொடுங்க, நான் பாடுறேன்."

"ரெமார்... ரெமார்..." பிள்ளை அதையே ஐந்து தரம் ஓட்டினார். கப்பித்தானின் புருவம் ஏறியது.

கயித்தான் அவரைக் கும்பிட்டுத் தானே தொடங்கினான். "ரேமோ, ரேமாஸ், ரேமா, ரெமாமோஸ், ரேமாம்." அதே மூச்சில் வழக்கையும் போர்த்துகீசிலேயே கொட்டினான். தீப்பந்தத்தைக் கடலில் வீசச் சொன்னார் கப்பித்தான்.

தோணி தப்பியது. பிள்ளையை நீக்கும் அதிகாரம் மட்டும் கப்பித்தானுக்கு இல்லை, உமக்குத்தான். இன்னும் எத்தனை தோணி எரியவேண்டும்? நாளைக்கே அந்த ஆளை இறக்கும் ஐயா!