படித்துறைக்கு ஒரு யானை

முன்னொரு காலத்தில் ஓர் ஏரியின் நட்டநடுவே கல்யாண ஊர்வலம் ஒன்று நடந்தே போனது. மாப்பிள்ளையின் செருப்புகூட நனையவில்லை! ஓடமும் இல்லை, பாலமும் இல்லை. தண்ணீரை அவ்வளவு கெட்டியாக மூடியிருந்தது ஆகாயத்தாமரை.

எல்லாம் அந்த நாட்டு ராஜாவின் ஆசையால் வந்த வினை. கடல் கடந்து வந்த வணிகனிடம் ஊதாப்பூ ஒன்றைப் பார்த்து மயங்கி, "இது நம் அரச விருந்தாளி" என்று அறிவித்து ஏரியில் விட்டார். விருந்தாளி காலையில் ஒன்று, மாலையில் ஒன்பது, மறுநாள் தொண்ணூறு.

செடி அள்ளும் வேலையை மந்திரி திருமேனிநாயகம் ஏற்றார். கூடைக்கு ஒரு வெள்ளிக்காசு. அவர் ஆட்கள் இலையை அறுத்துக் கூடையை நிரப்பினார்கள். வேரைப் பத்திரமாகத் தண்ணீரிலேயே விட்டுவைத்தார்கள். இரண்டே வருஷத்தில் கஜானாவில் பல்லிகள் மட்டும் மிச்சம்.

விகடன் வேம்படியான் சபையிலேயே சிரித்துவிட்டான். "மந்திரியார் களை எடுக்கவில்லை அரசே, அறுவடை செய்கிறார்!"

மந்திரிக்கு மீசை துடித்தது. "அப்படியானால் நீரே எடும், ஒரு மாதத்தில், ஒரு காசு வாங்காமல்! முடியாவிட்டால் நாட்டைவிட்டு நடையைக் கட்டும். முடிந்தால், நடந்தது என்று இதே சபையில் என் வாயால் சொல்கிறேன்."

ராஜாவும் தலையாட்டிவிட்டார். வேம்படியான் மூன்று நாள் ஏரியைச் சுற்றிச் சுற்றி வந்தான். கரை நெடுகப் பிரபுக்களின் மாளிகைகள். மாளிகைக்கு ஒரு படித்துறை. ஒவ்வொன்றிலும் உரியவர் பெயர், கல்லில் வெட்டி! நாலாம் நாள் சபைக்கு ஓடினான்.

"அரசே, அரச விருந்தாளி தங்கும் வீட்டில் அரண்மனை யானை ஒன்று காவல் நிற்பது நம் மரபு. தீனி வீட்டுக்காரர் பொறுப்பு. தங்கள் விருந்தாளி பிரபுக்களின் படித்துறைகளில் அல்லவா தங்கியிருக்கிறது? யானை எங்கே?"

மறுநாளே படித்துறைக்கு ஒரு யானை வந்து நின்றது. ஒவ்வொன்றும் வேளைக்கு ஒரு வாழைத்தோப்பைத் தின்றது. மந்திரி வீட்டு யானை சமையலறைக் கூரையையும் ருசி பார்த்தது.

"பூ போனால் யானையும் போய்விடும்" என்றான் வேம்படியான், ரொம்பப் பணிவாக.

பிரபுக்கள் கழியை எடுத்துக்கொண்டு செடியை அடுத்த துறைக்குத் தள்ளினார்கள்.

"யோவ், உம்ம செடியை ஏன்யா என் பக்கம் தள்ளுறீர்?"

"என் செடியா? நேத்து உம்ம படியிலதானே பூத்துச்சு!"

சாயங்காலம் காற்று திரும்பியது. தள்ளியதெல்லாம் தள்ளியவரிடமே வந்து சேர்ந்தது. ஏரி முழுவதும் வேரோடு காலியானால் ஒழிய எந்த யானையும் நகராது என்பது அப்போதுதான் உறைத்தது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அத்தனை பேரும் தண்ணீரில் இறங்கினார்கள்.

இருபத்தேழாம் நாள் ஏரியில் வானம் தெரிந்தது. ராஜா சிரித்த சிரிப்பில் சபையின் மூன்று தூண்கள் விரிசல் விட்டன. வேம்படியான் விட்ட நிம்மதிப் பெருமூச்சில் நாலு குத்துவிளக்குகள் அணைந்தன. அவன் கழுத்தில் தம் முத்துமாலையைப் போட்டுவிட்டு ராஜா திரும்பினார்.

"என்ன மந்திரியாரே, ஒரு காசில்லாமல் நடந்ததா, இல்லையா?"

மந்திரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

"நடந்தது, அரசே. கடைசிச் செடியைப் பிடுங்கியதே நான்தான்."