மொட்டவயல் கண்மாயின் முதல் வேட்டை

மூளை இல்லாதவனைப் பார்த்து எனக்கு இரக்கம் வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது. அதனால் மொட்டவயல் வேட்டைக்காரர்கள் நாலு பேரைப் பற்றி நான் சொல்லுவதில் மரியாதையை எதிர்பார்க்காதீர்கள்.

அந்த வட்டாரத்துக் கண்மாய்களுக்கு ஐப்பசி மழையோடு கிளுவைகள் வந்து இறங்கும். காட்டு வாத்துதான், ருசியான கறி. மற்ற ஊர்க்காரர்கள் தை பிறந்த பிறகுதான் அவற்றைப் பிடிக்கலாம். மொட்டவயலுக்கு மட்டும் கார்த்திகை முதல் தேதியே வேட்டை என்று ஜமீன் உரிமை கொடுத்திருந்தது. பதிலுக்கு, அந்த முதல் நாளில் பொழுது சாய்வதற்குள் ஒரே ஒரு கிளுவை அரண்மனை வாசலுக்கு உயிரோடு வந்தாக வேண்டும். வராவிட்டால் உரிமை எதிர்க்கரை ஊருக்குப் போய்விடும். அப்புறம் மொட்டவயல்காரர்கள் தை வரைக்கும் எதிர்க்கரைக் குழம்பு வாசத்தை மோந்துகொண்டு வெறும் கஞ்சி குடிக்க வேண்டியதுதான்.

இவ்வளவு பெரிய காரியத்தை அந்த ஊர் யாரிடம் ஒப்படைத்தது தெரியுமா? சடையாண்டி, மூக்கன், ஒச்சப்பன், வெள்ளக்கண்ணு. இதில் சடையாண்டி தலைவன். அவன் தலை மற்றவர்கள் தலையைவிடப் பெரிது என்பதைத் தவிர வேறு தகுதி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஜமீன் காரியஸ்தர் நாலு பேரையும் கூப்பிட்டு, வாய் வலிக்கச் சொல்லிக் கொடுத்தார்.

"பதினஞ்சு நாள் முன்னாடியே பானைகளைத் தண்ணியில மிதக்க விடுங்க. கிளுவைங்க பானையோட நல்லாப் பழகட்டும். முதல் தேதிக்கு முன்னாடி ஒரு இறகைக்கூடத் தொடக்கூடாது. அன்னிக்குப் பானையைத் தலையில கவுத்துக்கிட்டு, கழுத்தளவு தண்ணியில மெதுவாப் போங்க. காலைப் பிடிச்சு இழுத்துக் கட்டுங்க. அரண்மனை வாசல் வர்ற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக்கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சாமி" என்றார்கள் நாலு பேரும்.

பானையில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட வேண்டும் என்று காரியஸ்தர் சொல்லவில்லை. கண் இருக்கிறவன் தானே போட்டுக்கொள்வான் என்று நினைத்திருப்பார், பாவம்.

கண்மாய்க் கரையில் ஆலோசனை நடந்தது.

"வெறும் பானையோட எவன் பழகுவான்?" என்றான் மூக்கன்.

"சோத்துப் பானைன்னா நானே பழகுவேன்" என்றான் ஒச்சப்பன்.

உடனே பானை நிறையச் சோற்றை அமுக்கித் தண்ணீரில் விட்டார்கள். நாலு பானையும் நேராக அடிக்குப் போய்ச் சேர்ந்தன.

"மிதக்கலையே" என்றான் வெள்ளக்கண்ணு.

சடையாண்டி வெகுநேரம் யோசித்தான். "பானைக்கு நீச்சல் தெரியலடா. நாமதான் அதுக்குத் தலை கொடுக்கணும்."

மறுநாளிலிருந்து நாலு பேரும் புதுப் பானைகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையில் உட்கார்ந்து சோற்றை வாரி இறைத்தார்கள். கிளுவைகளுக்கு இவர்களைவிட அறிவு அதிகம். பானைத் தலை என்றால் சோறு என்று மூன்றே நாளில் தெரிந்துகொண்டன. பிறகு கூட்டமாகப் பின்னாலேயே வர ஆரம்பித்தன.

ஐப்பசிக் கடைசி நாளில் ஒரு கிளுவை சடையாண்டி வீட்டுக்குள்ளேயே வந்து அவன் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவன் பானையும் தலையுமாக இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, "தொடமாட்டேன், தொடமாட்டேன்" என்று அலறினான்.

அவன் மனைவி பொம்மக்கா ஓடிவந்தாள். "ஒரு கூடையைக் கவுத்து மூடுங்க. நாளைக்குக் காலையில அரண்மனையில கொடுத்துட்டு வந்துரலாம்."

"வேட்டை நாளைக்குத்தாண்டி! இன்னிக்கே பிடிச்சா உரிமை போயிரும். அதை நாளைக்கு வரச்சொல்லு."

பொம்மக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அவளை வேட்டைக்கு அனுப்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

கார்த்திகை முதல் தேதி நாலு பேரும் ஓட்டை இல்லாத பானைகளோடு தண்ணீரில் இறங்கினார்கள். சடையாண்டி தலைக்கு அவன் பானை சின்னது. அழுத்தி மாட்டியதில் கழுத்து வரை இறங்கி இறுகிவிட்டது. கண் தெரியாமல் மத்தியானம் வரை துழாவினார்கள். சுற்றிலும் நாற்பது கிளுவைகள், சோறு எப்போது வரும் என்று காத்துக்கொண்டு நீந்தின.

கடைசியில் மூக்கன் கையில் ஒரு கால் சிக்கியது. ஒச்சப்பன் இன்னொரு காலைப் பிடித்தான். வெள்ளக்கண்ணு கயிற்றால் கட்டினான். அது உதைத்தது, திமிறியது, ஆனால் சத்தம் போடவில்லை. இவர்களும் வாய் திறக்கவில்லை. கம்பில் கோத்து இரண்டு பேர் தூக்க, ஒருவன் வரப்பைக் காலால் தடவிக்கொண்டு முன்னே நடந்தான். பானையை எப்போது கழற்றலாம் என்று காரியஸ்தர் சொல்லவில்லை அல்லவா? நாற்பது கிளுவைகளும் வரிசையாகப் பின்னாலேயே நடந்து வந்தன.

அரண்மனை வாசலில் காரியஸ்தர் நின்றிருந்தார். பொழுது சாய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

"வாசல் வந்தாச்சுடா. கிளுவை கொண்டாந்தீங்களா?"

"ஒண்ணு கொண்டாந்தோம் சாமி" என்றான் மூக்கன், பானைக்குள்ளிருந்து. "காலு தூண் மாதிரி இருக்கு. எல்லாம் நாங்க போட்ட சோறு."

காரியஸ்தர் கம்பில் தொங்கியதைப் பார்த்தார். பின்னால் நின்ற கூட்டத்தையும் பார்த்தார். அவருக்கே மனசு இளகிவிட்டது. "உங்க பின்னாடி நாப்பது நிக்குதுடா! அதுல ஒண்ணைப் பிடிங்க, உரிமை நிலைச்சுரும்."

"எங்கே சாமி?" என்று மூன்று பேரும் பானையைக் கழற்றித் திரும்பினார்கள்.

கிளுவைகள் அந்த முகங்களை அதுவரை பார்த்ததே இல்லை. பார்த்த மாத்திரத்தில் பயந்துபோய் ஒன்று மிச்சமில்லாமல் பறந்துவிட்டன. சூரியனும் போய்விட்டது.

காரியஸ்தர் கைத்தடியால் கம்பில் தொங்கியதன் பானையைத் தட்டி உடைத்தார். சடையாண்டி முழித்தான்.

"ஏண்டா, ஒரு குரல் கொடுத்திருக்கக்கூடாதா?"

"வாயைத் திறக்கக்கூடாதுன்னு நீங்கதானே சாமி சொன்னீங்க."

"போச்சு. இனிமே உரிமை எதிர்க்கரைக்குத்தான்."

சடையாண்டிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "சாமி, அப்படிச் சொல்லாதீங்க. என்னை முதல் தேதிதானே பிடிச்சாங்க? உசுரோடதானே இருக்கேன்? என்னையே கிளுவையா வச்சுக்குங்க. சமையல்கட்டு எந்தப் பக்கம்?"

மூக்கன் ஒச்சப்பனிடம் மெதுவாகக் கேட்டான், "அண்ணன் வேகுறதுக்கு நேரமாகுமோ?"

காரியஸ்தர் ரத்தம் கொதிக்கக் கத்தினார். "இவனைப் பிடிச்ச இடத்துலயே கொண்டுபோய் விட்டுத் தொலைங்கடா!"

மறுபேச்சுப் பேசாமல் தூக்கிக்கொண்டு போனார்கள். கண்மாயில் கழுத்தளவு தண்ணீரில் இறக்கி, கட்டை அவிழ்த்துவிட்டு, கரையேறிக் கை தட்டினார்கள். சடையாண்டியும் தன்னால் ஆனமட்டும் இரண்டு கையையும் சிறகு மாதிரி அடித்துப் பார்த்தான்.

"பறக்க மாட்டேங்குதே" என்றான் ஒச்சப்பன்.

"நம்ம மூஞ்சியைப் பாத்து மிரளுதுடா" என்றான் வெள்ளக்கண்ணு. "பானையைப் போட்டுக்கிட்டுக் கொஞ்சம் சோறு இறைங்க."