மருந்துக்கு வரி ஏது?

முன்னொரு காலத்தில், ராஜா தும்மினால் ஜனங்கள் கதவைச் சாத்திக்கொள்ளும் ஒரு தேசத்தில், பூவராகன் என்றொரு விகடகவி இருந்தான்.

ஒருநாள் அரண்மனை வைத்தியர் சபையில் எழுந்து, "அரசே, சுருட்டுப் புகையால் ஜனங்கள் இருமி இருமிச் சாகிறார்கள். வரியை மும்மடங்காக்கினால் வாங்குவது குறையும்" என்று விண்ணப்பித்தார்.

புகையிலை வணிகர் தலைவன் தாண்டவராயன் விடுவானா? அமைச்சர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் பந்தல் முதல் பாயசம் வரை அவன் செலவாயிற்றே! "புகை, நெஞ்சுச் சளியை அறுக்கும் மருந்து. மருந்துக்கு வரி கூட்டலாமா?" என்றான். அமைச்சர்கள் அத்தனை பேரும் ஆமாம் போட்டார்கள். வைத்தியரைப் பாதாளச் சிறைக்கு இழுத்துப் போனார்கள்.

பாழாய்ப்போன பூவராகன் அந்த நேரம் பார்த்துக் களுக்கென்று சிரித்துத் தொலைத்தான்.

"என்ன சிரிப்பு?" ராஜா கண் சிவந்தது. "புகை மருந்தில்லை என்றுதானே சிரிக்கிறாய்? அப்படியானால் புகை நஞ்சென்று தாண்டவராயர் வாயாலேயே சொல்ல வை. சபை கலைவதற்குள் முடியாவிட்டால் உன் தலை இருக்காது."

கொலையாள் வாளோடு பூவராகனுக்குப் பின்னால் வந்து நின்றான். அப்போதுதான் உள்ளே குழந்தை இளவரசர் சளியில் இருமும் சத்தம் கேட்டது. அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. இளவரசருக்கு யார் மருந்து சொன்னாலும், முதலில் தன் பிள்ளைக்குக் கொடுத்துக் காட்ட வேண்டும்.

"அரசே, அடியேன் புத்தி கெட்டுச் சிரித்துவிட்டேன். தாண்டவராயர் சொன்னதுதான் சரி. மருந்துக்கு வரியே வேண்டாம், அடியோடு எடுத்துவிடுங்கள். இளவரசர் சளிக்கும் அதையே கொடுக்கலாம். வழக்கப்படி முதலில் தாண்டவராயர் மகள்..."

"அழைத்து வாருங்கள்!" என்றார் ராஜா.

பல்லக்கில் வந்து இறங்கியது, பால்பல் கூட விழாத சிறுமி. பூவராகன் சுருட்டைப் பற்றவைத்தான். தாண்டவராயன் கல்லாட்டம் நின்றான். 'சொல்லேன்யா, பாவி! உன் பிள்ளையய்யா!' பூவராகன் மனசுக்குள் கதறினான். இவன் வாய் திறக்காவிட்டால் சுருட்டைக் கீழே போட்டுவிடுவது, தலை போனால் போகட்டும் என்று முடிவு செய்துகொண்டான்.

சிறுமி ஆசையாக வாயைத் திறந்தாள்.

"ஐயோ, வேண்டாம்! நஞ்சு! அது நஞ்சு!" தாண்டவராயன் பாய்ந்து மகளை வாரிக்கொண்டான்.

குழந்தை அவன் முகத்தைப் பார்த்தது. "அப்புறம் ஏம்ப்பா ஊருக்கெல்லாம் விக்கிறீங்க?"

ராஜா அமைச்சர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். வைத்தியர் விடுதலையானார், வரி மும்மடங்காயிற்று.

"பூவராகா, ஆயிரம் பொன் தந்தோம்! இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"முதலில் உட்கார ஒரு பாய் போடச் சொல்லுங்கள், அரசே. கால் நிற்கவில்லை. அப்படியே பின்னால் வாளோடு நிற்கும் இவரையும் கொஞ்சம் வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள்."