பின்னறைக் கிணறு

கேளுங்கள், கேட்டு முடித்ததும் தீர்ப்பு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தரங்கம்பாடிக் கடற்கரையில் இருநூறு வருடத்து வீடு ஒன்றை வாங்கினாள் பியூலா. நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். பழைய சுவர்களை இடிக்காமல் வீட்டைப் புதுப்பிக்க வேண்டும், மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் வெளியே கையேந்தக் கூடாது என்பது அவள் ஆசை. பொறியாளர் மதிவதனி சிமெண்டுப் பூச்சைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு பூசினாள். கூரையில் சோலார் பதித்தாள். மழைநீருக்குத் தொட்டி கட்டினாள்.

பின்னறைத் தளத்தைப் பெயர்த்தபோது அடியில் ஒரு செங்கல் கிணறு இருந்தது. செய்தி கேட்டு மீனவர் தெருவிலிருந்து அஞ்சலை ஓடிவந்தாள். ஒரு கை வாங்கிக் குடித்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்க தெருவே குடிச்ச தண்ணி, நர்சம்மா. முன்ன இருந்தவங்க மேல ரூம் கட்டி மூடிட்டாங்க. இப்ப லாரி வந்தாத்தான் எங்களுக்குத் தண்ணி."

"வீட்டுக்கு ஒரு குடம் தினமும் எடுத்துக்குங்க" என்று அந்த இடத்திலேயே வாக்குக் கொடுத்துவிட்டாள் பியூலா. தெருவில் பதினெட்டு வீடுகள்.

மதிவதனி பதறிப்போனாள். "மேடம், கடலோரத்துல நல்ல தண்ணி உப்புத் தண்ணி மேல மிதக்குது. கூடுதலா இறைச்சா உப்பு மேல ஏறிடும்." ஒரு வாரம் இறைத்து அளந்தாள். ஒரு நாளைக்கு இருபது குடம் தாங்கும் என்று தெரிந்தது. "ஆனா இது தை மாசத்து அளவு. சித்திரையில எப்படியோ? திறக்காம விடுறதுதான் நல்லது."

பியூலா திறந்தாள். தனக்கு இரண்டு குடம் போதும், மற்றப் புழக்கத்துக்குத் தொட்டி இருக்கிறது என்றாள். பின்னறையின் தெருப்பக்கச் சுவரில் கதவு வைத்தாள். சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

சித்திரை பிறந்தது. அஞ்சலையின் நாக்கில் தண்ணீர் லேசாகக் கரித்தது. சொன்னால் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. ஒன்பதாம் நாள்தான் மதிவதனி சோதித்துப் பார்த்து, உப்பு ஏறுகிறது என்று சொன்னாள். அன்று மாலையே, யாரையும் கேட்காமல், பியூலா கதவைப் பூட்டினாள். அவளும் அதிலிருந்து ஒரு சொட்டு எடுக்கவில்லை. மறுநாள் குடத்தோடு லாரிக்குப் போய் நின்றாள்.

வரிசையில் முன்னால் நின்ற அஞ்சலை திரும்பினாள். "வாக்குக் குடுத்துட்டுப் பூட்டுவீங்களா?"

பியூலாவுக்கு முகம் சுண்டிப்போனது.

நாற்பது நாள் ஓய்வும் கோடை மழையும் சேர்ந்து தண்ணீரை மறுபடி நல்லதாக்கின. பியூலா கதவைத் திறந்தாள். ஆனால் தெரு அவளோடு பேசவில்லை.

திறக்காதே என்ற மதிவதனி, உப்பை அறிந்தும் மறைத்த அஞ்சலை, கொடுத்த வாக்கை மீறிப் பூட்டிய பியூலா: இவர்களில் யார் செய்தது சரி?

விடை: பூட்டியது சரி, அந்தக் கிணறு பிழைத்தது அதனால்தான். பூட்டிய விதம் சரியில்லை. தண்ணீரைக் கொடுத்தவள், காக்கும் பொறுப்பைக் கொடுக்கவில்லை. சாவி அடுத்தவர் கையில் இருந்ததால்தான் அஞ்சலை உப்பை மறைத்தாள். மதிவதனி சொன்ன அளவு மெய். ஆனால் அதைத் தெருவிடம் போய்ச் சொல்ல அவளுக்கும் தோன்றவில்லை. தண்ணீர் நல்லதான பிறகும் பியூலாவுக்கு இது புரிய ஒரு மாதம் ஆயிற்று. புரிந்த அன்றே அஞ்சலையின் வாசலுக்குப் போய்ச் சாவியைக் கொடுத்தாள். அடுத்த வருடம் சித்திரை பிறக்க ஐந்து நாள் இருக்கும்போதே, தண்ணீர் லேசாகக் கரித்ததும் கதவைப் பூட்டிவிட்டுப் பியூலாவிடம் வந்து சொன்னவள் அஞ்சலை.