மாறா வெப்பநிலை

கொல்லிமலை மடத்துச் சாமி முன்பு லாரி ஓட்டியவர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவரிடம் சீடராக வந்து சேர்ந்த அங்கயற்கண்ணி, முப்பது வருஷம் விலங்கியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். அவரைவிட இருபது வயது மூத்தவள். டீச்சரம்மா என்றுதான் அவளைக் கூப்பிடுவார்.

மறுநாள் அவள் கணவர் பொன்னுரங்கத்துக்கு முதலாண்டுத் திவசம். கீழே நாமக்கல்லில் மகன் காத்திருந்தான். அவளுக்குப் போகத் துணிவில்லை. அவர் இல்லாத வீட்டு வாசற்படியை எப்படி மிதிப்பது?

விடியலில் விறகு எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். கட்டைகளுக்கு நடுவே ஒரு சாரைப்பாம்பு மார்கழிக் குளிரில் விறைத்துக் கிடந்தது. அவள் பக்கத்தில் போயும் அசையவில்லை. எதுவும் வேண்டாத கிடப்பு.

வெறுங்கையோடு சாமியிடம் திரும்பி வந்தாள்.

“என்ன டீச்சரம்மா, விறகு எங்க?”

“உள்ளே பாம்பு படுத்திருக்கு சாமி. என்னையும் அது மாதிரி ஆக்கிடுங்க.”

“எதுக்கு, சட்டை உரிக்கவா?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “பதினோரு மாசமா இங்க இருக்கேன். ஏக்கம் போகல. எங்க வீட்டுக்காரரு படுத்ததும் குளிர்ந்த பாதத்தைக் கொண்டாந்து என் கெண்டைக்கால்ல வெப்பாரு. ‘உடம்புல ரத்தம் ஓடுதா இல்லையா’ன்னு திட்டுவேன். இப்போ அந்த இடம் மட்டும் காத்துக்கிட்டே கிடக்கு. இதை எடுத்துடுங்க சாமி. அப்புறம் நான் கீழே போகவே வேண்டாம்.”

சாமி கஞ்சிப் பானையை மூடினார். “அந்தப் பாம்புக்குக் குளிர் ரத்தம்னு சொல்வாங்க, இல்ல?”

முப்பது வருஷப் பழக்கம் அவளை விடவில்லை. “அது சரியான சொல் இல்ல சாமி. அப்படி எழுதுற பிள்ளைங்களுக்கு அரை மார்க் குறைப்பேன். நல்ல வெயில்ல அதோட ரத்தம் நம்மளதைவிடச் சூடாக்கூட இருக்கும். மாறும் வெப்பநிலை உயிரின்னு சொல்லணும். வெளியே எப்படியோ, உள்ளேயும் அப்படி.”

“நாம?”

“மாறா வெப்பநிலை. பனி கொட்டினாலும் வெயில் கொளுத்தினாலும் முப்பத்தேழு டிகிரி.”

“சும்மாவா?”

“சும்மா இல்ல. தின்கிற சோத்துல பெரும்பங்கு அதுக்கே எரிஞ்சு போகும். பாம்புக்கு அந்தப் பாடு இல்ல. ஒரு எலியைத் தின்னுட்டு நாள்கணக்கா கிடக்கும்.”

“சரி. அந்தப் பாறையில போய் உக்காருங்க. நான் கூப்பிட்டா கஞ்சிக்கு வாங்க.”

உட்கார்ந்தாள். பனி விலகுவதாக இல்லை. எதிர்ச்சரிவில் மிளகுக் கொடிகள் சொட்டிக்கொண்டிருந்தன. முதலில் வயிறு முனகியது. பிறகு பற்கள் தந்தியடித்தன. சாமி கூப்பிட்டபோது உச்சிப்பொழுது.

“ஏன் இப்படி நடுங்குறீங்க?”

“உடம்பு சூட்டுக்காக நடுங்குது சாமி. பசி காதை அடைக்குது.”

“அந்தப் பசியை எடுத்துடட்டுமா?”

“ஐயோ, பசி இல்லைன்னா சாப்பிட மாட்டேன். சாப்பிடலைன்னா சூடு நிக்காது. சூடு போனா…”

“சொல்லுங்க. பாடத்துல என்ன போட்டிருக்கு?”

“செத்துப் போயிடுவோம்.”

“விடியக்காலையில நீங்க எங்கிட்ட கேட்டது அதைத்தான்.”

சாமி கஞ்சியை ஊற்றி நீட்டினார். ஆவி முகத்தில் அடித்தது. ஒரு வாய் குடித்தாள். அடுத்த வாய் இறங்கவில்லை.

“பசிக்குக் கஞ்சி இருக்கு சாமி. இந்த ஏக்கத்துக்கு நான் எதைப் போடுவேன்?”

சாமி அகப்பையைக் கீழே வைத்தார்.

“நாளைக்கு அவருக்குப் படையல் போடுவாங்களே டீச்சரம்மா. இலையில அவருக்குப் பிடிச்சதா என்னென்ன வைக்கணும்னு உங்க மகனுக்குத் தெரியுமா?”