பிடுங்கிப் போட்ட கண்டல் கன்னு

ஒரு ஊர்ல ஒரு அஞ்சலாட்சி இருந்தா. ஊருன்னா பெருசா நெனைச்சுக்காதே. ஆறு கடல்ல சேர்ற எடத்துல ஒரு உப்பங்கழி, அந்தக் கரையில நாலு குடிசை. கடைசிக் குடிசை அவளோடது. தவழுற பொண்ணு ஒண்ணு, மாமியா பூரணி ஒண்ணு. காலை எடுடி பெரியம்மா மேலேருந்து. ம் கொட்டு.

கரையை அலை அரிக்காம காத்தது கண்டல் மரம். சேத்துலயே நிக்கும், காய் முருங்கைக்காயாட்டம் தொங்கும். அதுல ரெண்டு வகை. கடல் பக்கம் நெட்டைக் கண்டல், எவ்ளோ உப்புன்னாலும் குடிச்சுடும், ஆனா பிடிப்பு பத்தாது. ஆத்துப் பக்கம் குட்டைக் கண்டல், சேத்தை இறுக்கிப் பிடிக்கும், ஆனா உப்பு ஆகாது. ரெண்டோட பூந்தாதும் கலந்துச்சுன்னா நடுவுல ஒரு புதுக்கன்னு மொளைக்கும். அதுக்கு ஊர்ல பேரு ரெண்டுங்கெட்டது. வுட்டா தோப்பே கெட்டுடும்னு பயம். ஆடி மாசம் பொம்பளைங்க சேத்துல எறங்கி, பச்சக் பச்சக்னு பிடுங்கிப் பள்ளத்துல வீசிடுவாங்க. அதுல அஞ்சலாட்சி கைதான் வேகம்.

அப்புறம் என்னாச்சு? ஆத்துல தண்ணி வரத்து நின்னுபோச்சு. கழி பூரா உப்பு. வாசலுக்கு நேரா நின்ன குட்டைக் கண்டலெல்லாம் மொறுமொறுன்னு காஞ்சுபோச்சு. கரை தொபுக் தொபுக்னு இடிஞ்சு விழுது. அஞ்சலாட்சி தூளிகிட்டயே உக்காந்துக்கிட்டு, "அத்தே, தண்ணி கிட்ட வருது அத்தே"ங்கறா. வேற எடமும் இல்ல போறதுக்கு.

அப்போ மொதல்ல குட்டைக் கன்னு நட்டா. உப்பு சுட்டுக் கருகிப்போச்சு. ரெண்டாவது நெட்டைக் கன்னு நட்டா. தளதளன்னு வந்துச்சு, இவளும் ஒரு வாய் சோறு நிம்மதியா தின்னா. ஒரு மத்தியானம் ஊஊஊன்னு காத்தடிச்சுது பாரு, மளார் மளார்னு வேரோட சாஞ்சுடுச்சு. தண்ணி அடுப்பங்கரை சுவத்துக்கே வந்துடுச்சு, சளப் சளப்.

தூங்கிட்டியா? ம்?

அப்பதான் ரெண்டுங்கெட்டது ஞாபகம் வந்துச்சு அவளுக்கு. ஓடினா கழிக்கு. ஒண்ணுகூட இல்ல! எப்படி இருக்கும், இவளே பிடுங்கினாளே. "ஐயோ, என் கையாலயே கெடுத்துக்கிட்டேனே"ன்னு அழுதுகிட்டே பள்ளத்துப் பக்கம் வந்தா. அங்க பார்த்தா, பிடுங்கி வீசினது வீசின எடத்துலயே வேர் வுட்டு நிக்குது! கண்டலுக்கு அந்தப் பிடிவாதம் உண்டு.

அள்ளிக்கிட்டு வந்தா. பூரணி வாசல்ல நின்னுக்கிட்டு, "அத இங்க நட்டே, உன் கையால பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்"னா.

"குடிக்காதீங்க அத்தே. எனக்குப் பொண்ணு வேணும்"னு சொல்லிட்டு எறங்கிட்டா சேத்துல.

எல்லாம் பொழைக்கல கண்ணு. நீ ஒருத்தி உங்கப்பன் மூக்கும் உங்கம்மா வாயும் வாங்கிட்டு வரல? அப்படி ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி. சிலது உப்பும் தாங்காம பிடிப்பும் இல்லாம செத்துச்சு. முக்காவாசி போயிடுச்சு. தெனமும் விடிஞ்சதும் ஓடிப்போய் தொட்டுத் தொட்டுப் பார்ப்பா, இன்னைக்கு எது போச்சோன்னு. ஆனா நெட்டைகிட்ட உப்புத் தாங்குறதையும் குட்டைகிட்ட பிடிப்பையும் சேத்து வாங்கினது கொஞ்சம் இருந்துச்சு. அது மட்டும் நின்னுச்சு. பொண்ணு ஓடியாடுறதுக்குள்ள அதுங்க ஆளுயரம் ஆயிடுச்சு.

அப்போ வந்துச்சு புயல். பட்டப்பகல்ல இருட்டிக்கிட்டு, கடல் எழும்பி திமுதிமுன்னு வருது. அஞ்சலாட்சி நண்டு பிடிக்கப் போயிருக்கா. வீட்டுல பூரணியும் கொழந்தையும்தான். அடுப்பங்கரை போச்சு, கூரை போச்சு. இவ அடுத்த குடிசைக்குக்கூட வர முடியாம, "என் பொண்ணு, என் பொண்ணு"ன்னு கத்துறா. காத்துல அவ கொரல் அவளுக்கே கேக்கல.

தண்ணி கொஞ்சம் எறங்கினதும் இடுப்பளவுல விழுந்தடிச்சு வந்தா. வீடு இல்ல. கரை இருக்கு. கரையில மரம் இருக்கு. மரத்தை ஒரு கையால கட்டிப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையில கொழந்தையை இறுக்கிக்கிட்டு, கண்ணை மூடிட்டு நிக்கறா பூரணி.

கொழந்தை "அம்மா"ங்குது!

அஞ்சலாட்சி பொண்ணை வாங்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டா. "அத்தே, தண்ணி வடிஞ்சுடுச்சு. மரத்தை வுடுங்க"ன்னா.

"வுட மாட்டேன் போடி"ன்னா பூரணி.

அவ்ளோதான். கடல் திரும்பிப் போயிடுச்சு, கதையும் போயிடுச்சு, கண்ணை மூடு.